மூன்று வலிக்கும் ஒரே மாத்திரையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். மெட்ஃபார்மினும், டெல்மிசார்டனோடு நீர் மாத்திரை சேர்ந்த ஒன்றும் தினமும் சாப்பிடுகிறார். இரண்டு முட்டியிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். ராத்திரி படுத்தால் பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது என்று ஈரத்துணியைச் சுற்றிக்கொள்கிறார். போர்வை பட்டாலே சுள்ளென்கிறதாம். இது போதாதென்று, ஒரு மாதமாக மாடி ஏறும்போது நெஞ்சுக்குழியில் வாயு அடைக்கிறது, தாடை வரை இழுக்கிறது, நின்றுவிட்டால் சரியாகிறது என்கிறார். மருந்துக் கடையில் வாங்கிய, அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி. சேர்ந்த மாத்திரையை ஐந்து மாதமாகக் காலை ஒன்று, இரவு ஒன்று போடுகிறார். எரிச்சல் தாங்காத நாளில் 650 மி.கி. பாரசிட்டமால் இன்னும் இரண்டு. முட்டிக்குக் கொஞ்சம் கேட்கிறது, பாதத்துக்குக் கேட்கவே இல்லை. நரம்புக் கடத்தல் பரிசோதனை எடுத்தோம், நார்மல் என்று வந்துவிட்டது. அண்ணன் 'எல்லாம் மனப்பிரமை' என்கிறார். இதைவிட வீரியமான வலி மாத்திரை ஏதாவது உண்டா? பக்கத்து வீட்டில் புற்றுநோய் வந்த பெரியவர் மார்பின் மாத்திரை சாப்பிடுகிறார். அதைக் கேட்டுப் பார்க்கலாமா? ரிப்போர்ட் எல்லாம் என்னிடம் இருக்கிறது.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரிக்கு, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன். கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன அந்த 'வாயு' விஷயத்தை முதலில் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு இருப்பது ஒரு வலி இல்லை, மூன்று. மூன்றும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு வழியில் உண்டாகின்றன. உங்களை இந்தக் கடிதம் எழுத வைத்தது பாத எரிச்சல். எனக்குக் கவலை தருவது மாடிப்படி.

நடந்தால் வரும், நின்றால் போகும், தாடைக்கு ஏறும் என்ற மூன்றும் ஒன்றாக இருந்தால் அது இதயத்துக்கு ரத்தம் போதாத வலி என்று எடுத்துக்கொண்டுதான் பார்க்கத் தொடங்க வேண்டும். வாயு என்று முடிவு கட்டுவது அதற்குப் பிறகுதான். உள்ளுறுப்பு வலிகளின் குணமே இப்படித்தான்: இங்கேதான் என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியாது. உள்ளங்கையை நெஞ்சின் மேல் பரப்பி வைத்துத்தான் காட்டுவார்கள். அமுக்குகிறது, அடைக்கிறது, பிசைகிறது என்பார்கள். இதயத்திலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் அதே மட்டங்களில்தான் நெஞ்சு, கையின் உட்பக்கம் ஆகிய இடங்களின் நரம்புகளும் நுழைகின்றன. கழுத்து, தாடை நரம்புகளோடும் அவற்றுக்கு மேலே தொடர்பு உண்டு. அதனால் செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளையால் சரியாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. பித்தப்பை வலி வலது தோளில் தெரிவதும், சிறுநீரகக் கல்லின் வலி விலாவிலிருந்து தொடை இடுக்குக்கு இறங்குவதும், குடல்வால் வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி அப்புறம் வலது அடிவயிற்றுக்கு நகர்வதும் இதே மாதிரிதான். நாள்பட்ட சர்க்கரை இதயத்தின் உணர்வு நரம்புகளையும் மந்தமாக்கும். ஆகவே அம்மா 'லேசா அடைக்குது' என்று சொன்னால், கோளாறும் லேசானதுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஈ.சி.ஜி. எடுப்பார்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்று திரும்பி வந்துவிட வேண்டாம். இந்த வகை வலி ஓய்வில் தடயம் காட்டாமல் போகலாம். 'மாடி ஏறினால் மட்டும் வருகிறது, நின்றால் போகிறது' என்ற வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். எக்கோ என்ற இதய ஸ்கேன், தேவைப்பட்டால் உழைப்புச் சோதனை என்று அவர்கள் மேலே போவார்கள். முட்டி வலியோடு டிரெட்மில்லில் ஓட முடியாதவர்களுக்கு மருந்து கொடுத்துச் செய்யும் சோதனைகளும் உண்டு. இதற்கிடையில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த அடைப்பு வந்தாலோ, 15 நிமிடத்தில் விடவில்லை என்றாலோ, வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இதயத் தசை போய்விடுகிறது.

இது வயிற்றுப் புண்ணாக இருக்காதா என்று கேட்கலாம். இருக்கலாம். ஐந்து மாதமாக அசிக்ளோஃபெனாக் உள்ளே போயிருப்பதால் அந்தச் சந்தேகமும் நியாயமானதே. எதுவாக இருந்தாலும் அந்த மாத்திரையை நிறுத்த அது ஒரு காரணம்.

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பாரசிட்டமால் அதிகமாகிறதோ என்று பயந்திருக்கலாம். கணக்குப் போட்டால் 325 இரண்டு, 650 இரண்டு, ஆக 1,950 மி.கி. கல்லீரல் நன்றாக இருக்கும் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 3,000 மி.கி.க்குள் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சிக்கல் அசிக்ளோஃபெனாக்கில் இருக்கிறது. அது டைக்ளோஃபெனாக்கின் நெருங்கிய சொந்தம். காயம் பட்ட, வீங்கிய இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான் இவ்வகை மருந்துகள் வலியைக் குறைக்கின்றன. அதே பொருள்தான் வயிற்றின் உள்தோலை அமிலத்திலிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரிவாக வைத்திருக்கிறது. முட்டியில் மட்டும் தடுத்து மற்ற இடங்களில் விட்டுவை என்று மாத்திரையிடம் சொல்ல வழியில்லை.

அம்மா சாப்பிடும் டெல்மிசார்டன் சிறுநீரக வடிகட்டியை விட்டு ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரின் அளவைக் குறைக்கிறது. அசிக்ளோஃபெனாக் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. மூன்றும் சேரும்போது வடிகட்டியில் அழுத்தம் விழுந்து போகிறது. ஒரு நாள் வாந்தி, பேதி, அல்லது சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காத ஒரு பகல், அது போதும் கிரியாட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்ட வேண்டிய கழிவு) திடீரென்று ஏற. சர்க்கரையால் ஏற்கெனவே அடி வாங்கிய சிறுநீரகம் என்றால் திரும்புவது கடினம். இந்த மருந்து உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். மாடிப்படி வலியோடு சேர்த்துப் பார்த்தால் இன்றே நிறுத்தச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்தும் அல்ல இது. ஆனால் டெல்மிசார்டனையும் மெட்ஃபார்மினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனதா என்று அம்மாவிடம் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. அப்படிப் போயிருந்தால் அதுவும் அவசரம்தான்.

இனி பாதம். இங்கே கோளாறு பாதத்தின் தோலிலோ எலும்பிலோ இல்லை, செய்தி கொண்டுபோகும் நரம்பிலேயே இருக்கிறது. சர்க்கரை முதலில் கெடுப்பது உடம்பின் நீளமான நரம்புகளின் முனைகளை. அதனால்தான் இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போடும் அளவுக்கு மேலே ஏறும். பின்னாளில் கை விரல்களுக்கும் வரும். கெட்ட நரம்பு, காயம் எதுவும் இல்லாமல் தானாகவே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே தடுப்பதற்கு வீக்கமும் இல்லை, புராஸ்டாகிளாண்டினும் இல்லை. பாதத்துக்கு மாத்திரை கேட்காததற்குக் காரணம் இதுதான். வீரியம் போதவில்லை என்பதல்ல. இன்னும் நான்கு போட்டாலும் சிறுநீரகம்தான் கெடும், எரிச்சல் அப்படியே இருக்கும்.

பரிசோதனை நார்மல் என்று வந்ததற்கும் விடை உண்டு. நரம்புக் கடத்தல் பரிசோதனை அளப்பது தடித்த, உறை போர்த்திய நரம்பு இழைகளை. அவற்றில் செய்தி நொடிக்கு 40, 50 மீட்டர் வேகத்தில் போகும். எரிச்சலைக் கொண்டுபோவது உறையில்லாத மெல்லிய இழைகள். அவற்றின் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு. அந்தப் பரிசோதனைக்கு அவை தெரியவே தெரியாது. மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருக்கும் கட்டத்தில் ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். அண்ணனிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் டி.என்.4 என்று ஒரு சிறு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். எரிச்சல், வலிக்கும்படியான சில்லிப்பு, ஷாக் அடிப்பது, ஊர்வது, ஊசி குத்துவது, மரத்துப்போவது, அரிப்பது என்று ஏழு கேள்விகள். தொட்டால் உணர்ச்சி குறைவா, குத்தினால் குறைவா, மெல்லத் தடவினாலே வலிக்கிறதா என்று மூன்று சோதனைகள். பத்தில் நான்கு வந்தால் நரம்பு வலி என்று கொள்வார்கள். போர்வை பட்டால் சுள்ளென்பது இந்தக் கடைசிச் சோதனையின் வீட்டு வடிவம். அம்மா சொல்லும் வார்த்தையை நீங்கள் 'கால் வலி' என்று சுருக்கி மருத்துவரிடம் சொல்லாதீர்கள். எரியுது, மதமதங்குது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது என்று அவர் பேச்சிலேயே சொல்லட்டும். பாதி நோயறிதல் அதில் முடிந்துவிடும். 10 கிராம் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டும், நொடிக்கு 128 அதிர்வுள்ள இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது சகஜம், அதுவும் இதே எரிச்சலைத் தரும். ரத்தத்தில் பி12, தைராய்டு, கிரியாட்டினின், ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இவற்றை ஒரே தடவையில் பார்த்துவிடலாம். பி12 குறைந்திருந்தால் ஊசி நல்ல பலன் தரும். குறையாதவருக்கு 'நரம்புச் சத்து ஊசி' போடுவது காசுக்குக் கேடு.

நரம்பு வலிக்கு மருந்துகள் வேறு குடும்பம். மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் வந்த மருந்துகள் இவை. சீட்டில் பெயரைப் பார்த்துவிட்டு, எனக்கு என்ன பைத்தியமா என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே வலிச் செய்தியை மட்டுப்படுத்தத்தான் இவற்றைக் கொடுக்கிறோம். மலிவானதும் பழையதும் அமிட்ரிப்டிலின். இரவு படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 10 மி.கி.யில் தொடங்குவது வழக்கம். ஆனால் இது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால், அந்த நெஞ்சு விஷயம் தெளியும் வரை அம்மாவுக்கு வேண்டாம். கண் அழுத்த நோய் இருந்தாலும் கூடாது. டுலோக்ஸெடின் 30 மி.கி.யில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் 60-க்குப் போவார்கள். முதல் வாரம் குமட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறையும். ரத்த அழுத்தத்தைக் கவனித்து வர வேண்டும். மூன்றாவது பிரீகபாலின். சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்காமல் இதன் அளவைத் தீர்மானிக்க முடியாது. 64 வயதில் 25 அல்லது 50 மி.கி. இரவில் தொடங்கினால் போதும். கால் வீங்கும், தலை சுற்றும். ராத்திரி கழிவறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது இந்த மருந்தில் நடக்கக்கூடியது. முதல் பத்து நாள் யாராவது பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், வழியில் விளக்கு எரியட்டும். இவற்றில் எதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

ஒரு மாத்திரை போட்டதும் எரிச்சல் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சரியான அளவுக்கு வந்த பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தில் எட்டாக இருந்தது நான்காகக் குறைந்தால் அது நல்ல வெற்றி. மூன்றாம் நாளே கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டு அடுத்த மருத்துவரிடம் போவது இந்தச் சிகிச்சை தோற்பதற்கு முக்கியமான ஒரு காரணம்.

எரியும் பாதத்தில் உணர்ச்சி குறைந்தும் இருக்கும். கேட்க முரணாகத் தோன்றும், ஆனால் இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம். வெந்நீரில் காலை வைப்பது, ஒத்தடப் பை, ஹீட்டர் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். குளிக்கும் தண்ணீரின் சூட்டை அம்மா காலால் பார்க்காமல் நீங்கள் முழங்கையால் பாருங்கள். ஈரத்துணி கெடுதல் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்கச் சுற்றி வைத்தால் விரல் இடுக்கு ஊறிப் புண்ணாகும். கால் மணி நேரம் போதும், பிறகு விரல் இடுக்கில் துடைத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு. தினமும் சாயங்காலம் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள், செருப்பின் உள்ளேயும் கைவிட்டுப் பாருங்கள்.

முட்டிக்கு வருவோம். இது தேய்மான வலியாக இருக்கத்தான் வாய்ப்பு. காலையில் எழுந்ததும் பிடித்துக்கொண்டு அரை மணிக்குள் இளகிவிட்டால் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, கை விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதம், அதற்குச் சிகிச்சை வேறு. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் வலியின் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூட்டைத் தாங்குவது தொடையின் முன்புறத் தசை. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அமுக்கி ஐந்து நொடி பிடிக்க வேண்டும். பத்து தடவை, காலையும் மாலையும். இரண்டு வாரம் கழித்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை நேராக ஒரு சாண் தூக்கி நிறுத்துவதைச் சேர்க்கலாம். மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். நெஞ்சுப் பரிசோதனை முடியும் வரை இதற்கு மேல் எதுவும் வேண்டாம். பயிற்சி செய்த பின் கொஞ்சம் வலித்து, மறுநாளுக்குள் அடங்கிவிட்டால் சரி. அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு விட வேண்டாம். கைத்தடி, வலி அதிகமான முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கத்திலேயே பிடிப்பது பொதுவாக நடக்கும் தவறு. தரையில் உட்காருவதை நிறுத்திவிடுங்கள், இந்தியக் கழிவறையாக இருந்தால் மேலே வைக்கும் நாற்காலி வாங்குங்கள்.

மருந்தென்றால் பாரசிட்டமாலும் மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும். ஜெல்லிலிருந்து ரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு. ஆனாலும் கிரியாட்டினின் முடிவு வந்த பிறகு மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். ஜெல் பயன்படவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சுண்டைக்காய் அளவு பூசியவர்கள்தான். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், அதாவது எட்டு விரல் நுனி. ஒரு நாளைக்கு நான்கு தடவை வரை. முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

இப்போது மார்பின். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அது சரியான மருந்து. புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த, படிப்படியாக மருந்தை ஏற்றும் ஏணியின் மேல்படி அது. நான்கு மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்து, மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து சேர்த்தால் படுத்த படுக்கையாக இருப்பவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் அதற்கு அடிமையாகிவிட்டார் என்று தெருவில் யாராவது பேசினால் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட அம்மாவுக்கு வாங்கித் தராதீர்கள். தேய்மானத்துக்கு அது ஏற்றதல்ல, நரம்பு வலியில் அதன் பிடி குறைவு, தள்ளாட்டமும் மலச்சிக்கலும் மட்டும் முழுசாக வரும். டிரமடால், டாபென்டடால் என்று கடையில் யாராவது 'வீரியமானது' எடுத்து நீட்டினாலும் இதே பதில்தான். டுலோக்ஸெடினோடு டிரமடால் சேர்ந்தால் நடுக்கமும் குழப்பமும் வரக்கூடும்.

மனப்பிரமை என்ற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியது. மனசுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல மாதம் தூக்கம் கெட்டால் நரம்பு மண்டலமே உஷாராகி, சின்னத் தொடுதலையும் பெரிதாக எடுத்துக்கொள்ளும். வலி தூக்கத்தைக் கெடுக்க, தூக்கமின்மை வலியைக் கூட்ட, இரண்டும் சேர்ந்து ஆளை முடக்கும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் பிடிப்பில்லாமல் போனதா, மனசு சோர்ந்தே கிடக்கிறதா என்று அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஆமாம் என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். டுலோக்ஸெடின் அதற்கும் உதவும்.

மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட் கட்டோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், கடையில் வாங்கியதை மறைக்க வேண்டாம். ஒரு நோட்டில் ஒரு வாரத்துக்கு மூன்று வலிக்கும் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: எப்போது வந்தது, என்ன செய்தபோது, பத்துக்கு எவ்வளவு, எதனால் அடங்கியது, ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது. நெஞ்சுப் பத்தி எழுதி முடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நரம்பு மருந்து தொடங்கி ஒரு மாதத்தில் அந்த எண் இறங்கவில்லை என்றால் இன்னொரு மாத்திரையைச் சேர்க்கச் சொல்லாமல், அளவைக் கூட்டலாமா, மருந்தை மாற்றலாமா என்று கேளுங்கள்.